மனநல வார்டிலிருந்து வீடு திரும்பியவரை மலையில் பார்த்துக்கொள்வது எப்படி

என் தம்பி முதல்முறை டிஸ்சார்ஜ் ஆனபோது எங்கள் கையில் கிடைத்தது ஒரு கவர் மாத்திரையும் நாலாக மடித்த ஒரு தாளும்தான். "ஒரு மாசம் கழிச்சு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கீழே இருக்கும் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துவிட்டுக் கோத்தகிரி பஸ் ஏறினோம். அம்மா வழியெல்லாம் மாரியம்மனுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். முப்பதாம் நாள் மாத்திரை தீர்ந்தது. அது நவம்பர் மாதம். மூன்று நாளாக விடாத மழை, பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. "நல்லாத்தானே இருக்கான், அடுத்த வாரம் போய்க்கலாம்" என்றோம். அடுத்த வாரம் தேயிலை வரத்து நன்றாக இருந்தது, ஒரு நாள் கூலியை விட மனமில்லை. அதற்கு அடுத்த வாரம் தம்பி ராத்திரியில் தூங்குவதை நிறுத்திவிட்டான். பொங்கல் வருவதற்குள் திரும்பவும் அதே வார்டு.

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. நான் டாக்டரோ நர்ஸோ இல்லை. பச்சைத் தேயிலை வாங்கும் இடத்தில் எடை பார்த்துக் கணக்கு எழுதுகிறவள். தம்பியைப் பார்த்துக்கொண்டதில் கொஞ்சம் படித்தேன், டாக்டர்களை நச்சரித்துக் கொஞ்சம் கேட்டுக்கொண்டேன். இப்போது அக்கம்பக்கத்தில் யாராவது மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), பைபோலார் (மனம் அளவுமீறி எழும்பியும் தாழ்ந்தும் போகும் நோய்) மாதிரிப் பெரிய நோய்க்கு வார்டில் இருந்துவிட்டுத் திரும்பினால், அந்த வீட்டுக்காரர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பார்த்த வரையில், மலையில் நோய் திரும்புவதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. மாத்திரை தீர்ந்திருக்கும். தீர்ந்ததற்குக் காரணம் மழை, பஸ், கூலி, மே மாதத்து சீசன் நெரிசல் இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும். அதனால் இதில் பெரும்பகுதி மாத்திரைக் கணக்குதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்

நாளைக்கு டிஸ்சார்ஜ் என்று சொன்னதும் மூட்டை கட்ட ஆரம்பித்துவிடாதீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 98ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவரை வீட்டுக்கு அனுப்புமுன், இனி சிகிச்சை எப்படித் தொடரும் என்பதை மனநல மருத்துவர் அவரோடும் குடும்பத்தோடும் பேசித் திட்டமிட வேண்டும் என்கிறது அது. பிரிவு எண்ணைச் சொல்லிச் சண்டை போடச் சொல்லவில்லை. "சார், அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து கேட்டுக்கிறோம்" என்று சொன்னாலே பெரும்பாலான டாக்டர்கள் சொல்வார்கள். சம்பந்தப்பட்டவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே கேளுங்கள். அவர் முதுகுக்குப் பின்னால் நடக்கும் பேச்சுதான் வீட்டுக்கு வந்தபிறகு சந்தேகமாக முளைக்கிறது.

என்ன கேட்பது? ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு, எந்த வேளை, ஒரு வேளை தவறினால் என்ன செய்வது. ரத்தப் பரிசோதனை ஏதாவது உண்டா, எப்போது. சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் மருந்தின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கோயம்புத்தூரில் கிடைக்கும் கம்பெனி கோத்தகிரிக் கடையில் இருக்காது. மருந்தின் பெயர் இருந்தால் வேறு கம்பெனி மாத்திரையையாவது டாக்டரிடம் கேட்டு வாங்கலாம். டிஸ்சார்ஜ் தாளை அங்கேயே போனில் படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பிவையுங்கள். மலை ஈரத்தில் காகிதம் என்ன கதி ஆகும் என்று நமக்குத் தெரியாதா.

இன்னொரு கேள்வி மிக முக்கியம். "மாசாமாசம் கீழே வராம, மேலேயே மாத்திரை வாங்க முடியுமா?" முடியும் என்றால் அதற்கு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்தக் கிழமையில் எந்த ஊர் அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று விசாரியுங்கள். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் எல்லா இடத்திலும் கேட்டுப் பாருங்கள். கிழமை மாறும், அதனால் போகுமுன் ஒரு போன். கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் இதே கேள்வியைக் கேளுங்கள். அங்கே ஆகாவிட்டால் திண்டுக்கல், மதுரை என்று இறங்க வேண்டியிருக்கும். மன்னவனூர், கிளாவரையிலிருந்து இறங்கி ஏறுவது என்றால் ஒரு நாள் முழுசாகப் போய்விடும்.

பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஓலான்சபின், குளோசபின் என்ற இரண்டு மனநோய் மருந்தையும் புகை உடம்பிலிருந்து சீக்கிரம் கரைத்துவிடுகிறது. வார்டில் புகைக்க விடமாட்டார்கள், அந்த நிலைமையில்தான் அளவு நிர்ணயிப்பார்கள். வீட்டுக்கு வந்து குளிருக்கு ஒரு கட்டு பீடி இழுக்க ஆரம்பித்தால் அதே மாத்திரை பத்தாமல் போகும். மறுபக்கம், பீடியைத் திடீரென்று விட்டால் மருந்து உடம்பில் ஏறிப்போய் அளவுக்கு மீறித் தூங்கிவழிவார். விட்டால் நல்லதுதான், டாக்டரிடம் சொல்லிவிட்டு விடட்டும்.

ஒரு சின்ன விஷயம்: மாத்திரை போட்ட கையோடு மலையேறும் பஸ்ஸில் ஏற்றாதீர்கள். வளைவில் வாந்தியோடு மாத்திரையும் வந்துவிடும்.

இரண்டாவது: அவர் வருமுன் வீட்டைப் பாருங்கள்

நம் ஊரில் தோட்டத்துக்கு அடிப்பதும் மருந்து, ஆளுக்குக் கொடுப்பதும் மருந்து. கேரட், உருளை, பூண்டு, தேயிலை எதுவாக இருந்தாலும் சாய்ப்பில் நாலு பாட்டில் நிற்கும். அந்த பாட்டில்கள் எல்லாம் வீட்டைவிட்டுப் போக வேண்டும். பூட்டிய பெட்டி சுமாரான வழி. வேறொருவர் வீட்டில் கொடுத்துவைப்பது நல்ல வழி. மனநல வார்டிலிருந்து வெளியே வந்த முதல் வாரமும் அடுத்த சில மாதங்களும்தான் தற்கொலை ஆபத்து அதிகமான காலம் என்பது பல நாடுகளில் பார்த்துத் தெரிந்த விஷயம். குணமாகி வந்தவர்தானே என்று நாம் அசந்திருக்கும் காலமும் அதுதான். மாத்திரை டப்பாவும் அந்த நாட்களில் உங்கள் கையில் இருக்கட்டும், வாரத்துக்கு உள்ளதை மட்டும் வெளியே எடுங்கள்.

அவர் முகம் வாடியிருந்தால் நேராகவே கேட்டுவிடலாம். "செத்துரலாம்னு தோணுதாடா?" என்று நான் கேட்டிருக்கிறேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்ட பிறகு தம்பி அழுதான், அப்புறம் பேசினான். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். 14416 என்பது டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம், நோயாளி மட்டுமில்லை வீட்டுக்காரர்களும் பேசலாம். சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

அடுத்தது கங்கு. குளிருக்கு அடுப்புக்கரியைப் பற்றவைத்து அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பது யாருக்குமே ஆபத்து. அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு (கார்பன் மோனாக்சைடு) வாசனை கிடையாது. தூக்க மாத்திரை போட்டவர் மூச்சுமுட்டினாலும் எழுந்திருக்கமாட்டார். இரண்டு கம்பளி அதிகம் வாங்குங்கள், கங்கு மட்டும் வேண்டாம்.

வெளியே இருந்து பூட்டிவைக்காதீர்கள். ராத்திரி எழுந்து நடக்கிற பழக்கம் இருந்தால் கதவில் ஒரு சின்ன மணி கட்டுங்கள். எங்கள் வீட்டில் ஆட்டுக்குக் கட்டுகிற மணி ஒன்று இன்னும் தொங்குகிறது.

மூன்றாவது: மாத்திரைக் கணக்கு

நான் வேலை செய்யும் இடத்தில் இலைப் புத்தகம் என்று ஒன்று உண்டு. தேதி, எடை, கழிவு, நிகரம் என்று கட்டம் போட்டிருக்கும். ஈர இலைக்குத் தண்ணீர் எடை கழிப்பார்கள், அதுதான் கழிவு. பழைய புத்தகம் ஒன்றில் பாதிப் பக்கம் காலியாகக் கிடந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எடை என்ற கட்டத்தில் கையில் இருக்கும் மாத்திரை எண்ணிக்கை. கழிவு என்ற கட்டத்தில் அன்றைக்குத் தவறிய வேளை. நிகரத்தில் ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினான் என்பது. ஓரத்தில் ஒரு வரி: "குளித்தான்", "சாப்பிடவில்லை", "சிரித்தான்". டாக்டருக்கு இந்த ஒரு பக்கம் நூறு கேள்விக்குப் பதில். "எப்படி இருக்கார்?" என்றால் நாம் "பரவால்ல சார்" என்போம், அவ்வளவுதான் நமக்கு வரும். புத்தகம் அப்படிச் சொல்லாது.

அரசு மருத்துவமனையில் பொதுவாகப் பதினைந்து நாளுக்கோ ஒரு மாதத்துக்கோ மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். முப்பது நாள் மாத்திரை என்றால் முப்பதாம் நாள் போகக்கூடாது, இருபதாம் நாள் போக வேண்டும். எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே சட்டம் இது. காலண்டரில் தீரும் தேதியைக் குறிக்கவே வேண்டாம், அதற்குப் பத்து நாள் முந்தைய தேதியைக் குறியுங்கள். "இன்னும் பத்து நாளுக்கு இருக்கே" என்று மருந்து கொடுக்கும் இடத்தில் சொன்னால் டாக்டரிடமே போய் மலையிலிருந்து வருகிறோம் என்று சொல்லி, அடுத்த தேதியை முன்னால் போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். ஒருமுறை அப்படிச் செய்துவிட்டால் அந்தப் பத்து நாள் எப்போதும் உங்கள் கையிருப்பாக ஓடிக்கொண்டே இருக்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இந்தக் கையிருப்பில் கை வைக்காதீர்கள். 2009 நவம்பர் மழையில் பாதையெல்லாம் சரிந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஆளை அழைத்துப்போக முடியாத நாளில் வீட்டுக்காரர் மட்டும் சீட்டோடு போனால் மாத்திரை தருவார்களா என்பதையும் முன்பே கேட்டு வையுங்கள்.

இரண்டு மருந்துக்குத் தனி எச்சரிக்கை. குளோசபின் சாப்பிடுகிறவருக்கு இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவைத் தூக்கிக் கொடுத்துவிடக்கூடாது, குறைந்த அளவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. அதற்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எண்ணிக்கையும் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். காய்ச்சல், தொண்டை வலி வந்தால் கஷாயம் வைத்துக் காத்திருக்காமல் அன்றே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். மலச்சிக்கலையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பைபோலாருக்குத் தரும் லித்தியம் வேறு மாதிரி. உடம்பில் தண்ணீர் குறைந்தால் அது ரத்தத்தில் ஏறிவிடும். குளிர் ஊரில் நாம் தண்ணீர் குடிக்க மறந்துபோகிற ஆட்கள். வயிற்றுப்போக்கு வந்தாலோ, மூட்டு வலி என்று கடையில் ஐபுபுரூபன், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டாலோ ஆபத்து. கை பெரிதாக நடுங்கி, நடை தள்ளாடி, பேச்சு குழறி, வாந்தியும் வந்தால் உடனே மருத்துவமனை. உப்பைத் திடீரென்று குறைப்பதும் கூடாது. வலிக்கு என்ன போடலாம் என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல, எதுக்கு மாத்திரை?" இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. பலரும் அப்போது செய்வது டீயில் பொடித்துக் கலப்பது. நாங்களும் செய்தோம். தம்பி கண்டுபிடித்துவிட்டான். அதன்பிறகு மூன்று வாரம் அம்மா கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. ஏற்கெனவே யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று பயந்துகொண்டிருந்தவனுக்கு நாங்களே சாட்சி தந்தது மாதிரி ஆகிவிட்டது. கலக்காதீர்கள். ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேளுங்கள். அநேகமாக ஏதாவது ஒரு பக்கவிளைவு அவரைப் படுத்திக்கொண்டிருக்கும், டாக்டரால் மாற்றித்தர முடியும். தினம் விழுங்கவே பிடிக்கவில்லை என்றால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது, அதைப் பற்றிக் கேளுங்கள். மலைக்கு அது பல வீடுகளில் மிகவும் தோதான வழி. எத்தனை நாள் சாப்பிடணும் என்றால், முதல்முறை வந்த நோய்க்கே நன்றான பிறகும் ஓரிரு வருடம் தொடரச் சொல்வார்கள். திரும்பத் திரும்ப வந்தால் இன்னும் நீளும். நிறுத்துவது டாக்டர் முடிவு, படிப்படியாகத்தான்.

பக்கவிளைவு எது, நோய் எது

கழுத்து ஒருபக்கம் திருகிக்கொண்டு, கண் மேலே செருகி, நாக்கு இழுத்துக்கொண்டால் ஊரே கூடி "பேய்தான்" என்று சொல்லும். புது மாத்திரையோ ஊசியோ தொடங்கிய சில நாளில் வருகிற தசைப்பிடிப்பு அது. மருத்துவமனையில் ஒரு ஊசியில் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். வேப்பிலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உட்கார முடியாமல் முன்னும் பின்னும் நடப்பதும் பக்கவிளைவாக இருக்கலாம். நோய் முற்றுகிறது என்று நினைத்து நாமே இன்னொரு மாத்திரை கொடுத்தால் இன்னும் மோசமாகும். அந்தத் தவிப்பு தாங்கமுடியாததாக இருக்கும், சிலருக்குச் சாகத் தோன்றும் அளவுக்கு. உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கடும் காய்ச்சல், உடம்பு மரம்போல விறைப்பு, வியர்வை, குழப்பம் இவை சேர்ந்து வந்தால் பொறுக்கவே கூடாது, 108. குளோர்ப்ரோமசின் சாப்பிடுகிறவருக்கு வெயில் சட்டென்று தோலைச் சுடும். மலை வெயில் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் கடுமையானது. தொப்பி, முழுக்கைச் சட்டை. எடையும் சர்க்கரையும் ஏறுவது பல மாத்திரைகளில் உண்டு, வருடத்துக்கு ஒருமுறையாவது சர்க்கரை பாருங்கள். கல்யாணமான பெண், ஆகப்போகிற பெண் யாராக இருந்தாலும் சீட்டில் வால்ப்ரோயேட் இருந்தால் கர்ப்பம் பற்றி டாக்டரிடம் பேசியே ஆகவேண்டும். வயிற்றுக் குழந்தைக்கு ஆகாத மருந்து அது. அதற்காகத் தானாக நிறுத்திவிடவும் கூடாது.

வீட்டுப் பேச்சு

பிரிட்டனில் 1970களில் ஒரு ஆய்வு நடந்தது. மனச்சிதைவிலிருந்து வீடு திரும்பியவரைக் குடும்பத்தார் ஓயாமல் குறைசொன்னாலோ, கோபப்பட்டாலோ, கைக்குழந்தை மாதிரி விடாமல் பொத்திக்கொண்டாலோ நோய் சீக்கிரம் திரும்பியது. அதிலும் வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் இன்னும் அதிகம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இரண்டு அறை, ஐந்து பேர். 35 மணி நேரத்தை நாங்கள் இரண்டே நாளில் தாண்டிவிடுவோம். ஆனால் யோசித்தால் வழி இருக்கிறது. தம்பி காலையில் இரண்டு மணி நேரம் சித்தப்பா டீக்கடையில் உட்காருவான், மத்தியானம் அம்மா கோயில் பக்கம் போய்விடுவார். வீடு சின்னதுதான், நேரத்தைப் பிரித்துக்கொண்டோம்.

குளிக்காமல், பேசாமல், படுத்தே கிடப்பதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லாதீர்கள். அது நோயின் ஒரு பகுதி, சில சமயம் மாத்திரையின் அசதி. "எழுந்திரு, எரும" என்று நான் கத்தியிருக்கிறேன், அதனால் அவன் ஒருநாளும் எழுந்ததில்லை. "வெந்நி வெச்சிருக்கேன், ஆறிடும்" என்றால் நாலு நாளில் ஒருநாள் எழுந்தான். மலையில் ஒருவர் குளிக்காமல் இருந்தால், முதலில் வெந்நீர் இருக்கிறதா என்று பாருங்கள்.

காதில் கேட்கும் குரல், சந்தேகம் இவற்றோடு வாதாடாதீர்கள், ஆமாம் போடவும் வேண்டாம். "அக்கா, மேல் லைன்காரங்க என்னைப் பத்திதான் பேசிக்கிறாங்க" என்பான். "எனக்கு அது கேக்கலடா. உனக்குப் பயமா இருக்குன்னு மட்டும் தெரியுது. வா, வெளிய உக்காரலாம்." அவ்வளவுதான் என் பதில். நூறுதடவை இதையே சொல்லியிருப்பேன்.

ஊர், கோயில்

கோயிலுக்குப் போகலாம், தாயத்து கட்டலாம், நேர்ந்துகொள்ளலாம். அம்மாவுக்கு அது தெம்பு. ஒரே நிபந்தனை, மாத்திரையை நிறுத்து என்று சொல்லும் இடத்துக்குப் போகக்கூடாது, ஆளை விட்டுவிட்டு வரச்சொல்லும் இடத்துக்கும் போகக்கூடாது. தர்காவை நம்பி மனநோயாளிகளைக் கொண்டுபோய் விட்டுவந்த ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியிடுவதை இன்றைய சட்டம் தடைசெய்கிறது, வீட்டிலும் செய்யாதீர்கள்.

அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் எல்லாம் சொல்லவேண்டியதில்லை. இரண்டு வீட்டுக்கு மட்டும் உள்ளதைச் சொல்லிவையுங்கள், ராத்திரி கூப்பிட்டால் வரக்கூடிய இரண்டு வீடு. மற்றவர்களுக்கு "நரம்பு டாக்டர் மாத்திரை" போதும். இது பொய்தானே என்று கேட்கலாம். ஊர் வாய்க்கு நான் அவ்வளவுதான் கடன்பட்டிருக்கிறேன்.

வேலைக்கு எப்போது

ஆறு வாரம், எட்டு வாரம் என்று யாரும் தேதி குறித்துத் தரமாட்டார்கள். தூக்கமும் சாப்பாடும் நேரத்துக்கு வந்த பிறகு ஆரம்பிக்கலாம். அரைநாள் இலை பறிப்பது நல்ல தொடக்கம். கூட ஆட்கள் இருப்பார்கள், கைக்கு வேலை, பேசவேண்டிய கட்டாயம் கிடையாது. செடி வெட்டும் கவாத்துக் கத்தி, புல்வெட்டும் மெஷின், மருந்தடிக்கிற வேலை இதெல்லாம் மயக்கம் தெளியும்வரை வேண்டாம். வண்டி ஓட்டுவதும் அப்படித்தான். காலையில் அசதி அதிகமாக இருந்தால் ராத்திரி மாத்திரையை இன்னும் முன்னால் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். வந்த கூலியை அவர் கையில் கொடுங்கள், கணக்கு கேட்காதீர்கள். டாஸ்மாக் பயம் இருக்கும், எனக்கும் இருந்தது. முதல் கூலியில் தம்பி அம்மாவுக்கு ஒரு மஃப்ளர் வாங்கினான், மிச்சத்தில் பீடிதான்.

நோய் திரும்புகிற அடையாளம்

ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை உண்டு, அது பெரும்பாலும் அதே வரிசையில்தான் திரும்ப வரும். என் தம்பிக்கு முதலில் தூக்கம். புத்தகத்தில் ஏழு, ஏழு, ஐந்து, நாலரை, மூன்று என்று இறங்கும். அப்புறம் ரேடியோவைச் சத்தமாக வைப்பான், அப்புறம் ஜன்னலைச் சாத்துவான். ஜன்னல் வரை காத்திருந்தால் வார்டுதான். தூக்கம் இரண்டு ராத்திரி தொடர்ந்து ஐந்துக்குக் கீழே போனால் மூன்றாம் நாள் காலையிலேயே டாக்டரிடம் போய்விடுவோம். அவர் நன்றாக இருக்கும்போது அவரோடு உட்கார்ந்தே இந்த வரிசையை எழுதிக்கொள்ளுங்கள். தனக்கு முதலில் என்ன நடக்கிறது என்று அவருக்குத்தான் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

மீறிப்போய் ஒரு ராத்திரி கலவரமாகிவிட்டால் கூட்டத்தைக் கலையுங்கள். ஒரே ஒருவர் பேசட்டும், மெதுவாக, கொஞ்சம் தள்ளி நின்று. அவருக்கும் கதவுக்கும் நடுவில் நிற்காதீர்கள். கத்தி, அரிவாள், கவாத்துக் கத்தி எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போகட்டும். 108க்குச் சொல்லும்போது மனநல சிகிச்சையில் இருப்பவர் என்றும், எந்த மாத்திரை என்றும், வண்டி எதுவரை வரும் என்றும் சொல்லுங்கள். லைனுக்கு வண்டி வராது என்றால் டார்ச்சோடு ஒரு ஆளை ரோட்டில் நிறுத்துங்கள். அவர் இருட்டில் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டால் நிலைமை வேறு. காட்டெருமையும் கரடியும் உலாவும் நேரம், குளிர் வேறு. தனியாகப் பின்னால் ஓடாதீர்கள், இரண்டு மூன்று பேராக, வெளிச்சத்தோடு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போங்கள். கிடைக்காவிட்டால் விடியட்டும் என்று இருக்காமல் போலீஸுக்குச் சொல்லிவிடுங்கள். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலைகிறவரைப் பாதுகாப்பில் எடுத்துச் சேர்க்கவேண்டிய இடத்தில் சேர்ப்பது அவர்கள் கடமை என்று அதே 2017 சட்டம் சொல்கிறது.

காகித வேலை

அவர் தெளிவாக இருக்கும் நாளில் ஒரு வெள்ளைத்தாளில் தன் சார்பாகப் பேச யாரை நியமிக்கிறார் என்று எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம். தம்பி என் பெயரை எழுதினான், அண்ணன் பெயரை எழுதவில்லை. அது அவன் முடிவு, அண்ணனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். நோய் பல வருடமாக வாழ்க்கையை முடக்கிவிட்டிருந்தால் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். மனநோயும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது, 40 சதவீதம் பாதிப்பு என்று சான்று கிடைத்தால்தான் பெரும்பாலான சலுகைகளுக்குக் கதவு திறக்கும். டிஸ்சார்ஜ் தாள், ஓ.பி. சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப்போடாதீர்கள். எங்களுடையது ஒரு பிஸ்கட் டின்னில், அரிசி மூட்டைக்கு மேலே, ஈரம் படாமல் இருக்கிறது.

பார்த்துக்கொள்கிற ஆள்

ஒருவர் மேலேயே எல்லாம் விழக்கூடாது. விழுந்தால் அந்த ஒருவர் படுத்த அன்றைக்கு மாத்திரையும் படுத்துவிடும். மூன்றாம் வருடம் எனக்கு டைபாய்டு வந்தபோதுதான் இது உறைத்தது. மாத்திரை எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா மகன் வந்து தம்பியோடு இருக்கிறான், நான் கோத்தகிரிக்குப் போய்ச் சும்மா சுற்றிவிட்டு வருகிறேன். முதல் ஞாயிறன்று அவனுக்கு எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டு இன்னும் அந்த டின் மூடியில் ஒட்டியிருக்கிறது: ராத்திரி எட்டரைக்கு மாத்திரை, கண் முன்னால் விழுங்கட்டும். டீயில் சர்க்கரை அரை ஸ்பூன். கிரிக்கெட் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசு, கல்யாணப் பேச்சை எடுக்காதே.